ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? கலை படிக்க நகரம் தேடும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

எங்கள் அக்கா மகள் தக்கலையில் பிளஸ் டூ படிக்கிறாள். நன்றாகப் படம் வரைவாள், கையில் கிடைக்கிற கதைப் புத்தகத்தையெல்லாம் வாசிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடு போட்ட தாளில் 14 கல்லூரிப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து, "சித்தி, இதுல எது நல்லது?" என்று கேட்டாள். அத்தனையும் சென்னை. ஏன் சென்னை என்றதற்கு, "இங்க ஏழு மணிக்கு மேல ஒண்ணுமே இல்ல சித்தி" என்றாள். சரிதான், தக்கலையில் ஏழு மணிக்கு மேல் பரோட்டாக் கடையும் ஒன்றிரண்டு மெடிக்கல் ஸ்டோரும்தான் திறந்திருக்கும்.

அந்தத் தாளில் இருந்த ஒரு பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் படித்த கல்லூரியும் அதே வகைதான், பெயர் வேண்டாம். விளம்பரத்தில் சென்னை என்று போட்டிருந்தது, நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். போய் இறங்கினால் சுற்றிலும் பொட்டல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளை, எழும்பூருக்கு வர வேண்டுமானால் இரண்டு பஸ் மாறி இரண்டு மணி நேரம். மாலை 6 மணிக்கு ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மூன்று வருடம் ஆங்கில இலக்கியம் படித்தேன், அந்த மூன்று வருடத்தில் ஒரு நாடகம்கூடப் பார்க்கவில்லை. மார்கழிக் கச்சேரிகளை ஊருக்கு வந்து டிவியில் பார்த்தவள் நான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நகரம் வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் உடனே "ஊர் சுத்தவா போற?" என்பார்கள். ஆமாம், ஊர் சுற்றத்தான். கலை படிக்கிறவர்களுக்கு ஊர் சுற்றுவதும் பாடம்தான். ஒரு செப்புத் திருமேனியை நேரில் பார்ப்பதும் புத்தகத்தில் அதன் போட்டோவைப் பார்ப்பதும் ஒன்றாகாது. அதனால் நகரம் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் எந்த நகரத்தில் கல்லூரி இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாமல், கடைசி வகுப்பு முடிவதற்கும் ஹாஸ்டல் கேட் பூட்டுவதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும், அந்த நேரத்துக்குள் எங்கே போய்த் திரும்ப முடியும் என்று கணக்குப் போடுங்கள். உங்கள் கைக்குக் கிடைக்கப்போகும் நகரம் அவ்வளவுதான். மீதி நகரமெல்லாம் மேப்பில் இருக்கும்.

முதலில் 'ஆர்ட்ஸ்' என்றால் எது

நம் ஊரில் 'ஆர்ட்ஸ் காலேஜ்' என்றால் இன்ஜினியரிங் அல்லாத எல்லாமும் அதில் அடக்கம், பி.காம். படிக்கிறவனும் ஆர்ட்ஸ், இயற்பியல் படிக்கிறவனும் ஆர்ட்ஸ். உங்கள் ஆர்ட்ஸ் எது என்று பிரித்துக்கொள்ளாமல் கல்லூரி தேடினால் 14 பெயர் 40 ஆகும். ஓவியம், சிற்பம், இசை, நடனம் என்று கையாலும் உடம்பாலும் செய்வது ஒரு பாதை. இலக்கியம், வரலாறு, தத்துவம் என்று வாசிப்பதும் எழுதுவதும் இன்னொன்று. கேமரா, டிசைன், விளம்பரம், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வாசல் வேறு, சாவி வேறு.

பி.எஃப்.ஏ. என்கிற நுண்கலைப் பட்டம் நான்கு வருடப் படிப்பு, பிளஸ் டூ மார்க் மட்டும் அதற்குப் போதாது, உட்கார வைத்து வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். பி.ஏ. இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் பெரும்பாலும் மார்க்தான் பேசும். என்.ஐ.டி. (இன்ஜினியரிங் என்.ஐ.டி. இல்லை, நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்), நிஃப்ட் போன்ற டிசைன் நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு. அதன் விண்ணப்பம் பெரும்பாலும் தீபாவளியையொட்டித் தொடங்கிப் பொங்கலுக்குள் முடிந்துவிடும். நம் ஊரில் பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மே மாதம் வரை உட்கார்ந்திருந்தால் அந்தக் கதவு மூடி நாலு மாதம் ஆகியிருக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வுக்கும் ரிசல்ட்டுக்கு முன்பே பதிய வேண்டும். சென்னையின் தன்னாட்சிக் கல்லூரிகள் ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், சிலவற்றில் ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்கிவிடும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், அது மே மாதத்தில் வரும். காலண்டரில் குறித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள்.

பக்கத்தில் இருக்கிற நகரத்தை விட்டுவிடுகிறோம்

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் நகரம் என்றதும் 700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னையை நினைக்கிறார்கள். நாகர்கோவிலில் இருந்து 70 கிலோமீட்டரில் இருக்கிற திருவனந்தபுரம் நகை வாங்கவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும், வெளிநாடு போகிற மாமாவை ஏர்போர்ட்டில் விடவும் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் அந்த ஊர்க்காரர்களோடுதான் இருந்தோம். குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் அந்நிய மொழியே இல்லை.

ஒரு நாள் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி எம்.ஜி. ரோட்டில் வடக்கே நடந்து பாருங்கள். ஸ்டாச்சு தாண்டினால் பாளையம், அங்கே 1866-ல் தொடங்கிய யுனிவர்சிட்டி காலேஜ், தமிழுக்கும் அங்கே துறை உண்டு. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே 1881-ல் கலைப் பள்ளியாகத் தொடங்கிய நுண்கலைக் கல்லூரி. கொஞ்ச தூரத்தில் 1829-ல் தொடங்கிய பொது நூலகம். இன்னும் நடந்தால் மியூசியம் வளாகம், அதற்குள் சித்ரா ஆர்ட் கேலரி, ரவிவர்மா ஓவியங்களுக்கென்று தனி கேலரி, பக்கத்தில் கனகக்குன்னு அரண்மனை. எல்லாம் சேர்த்து 3 கிலோமீட்டர்தான், வெயில் தாழ்ந்தபின் நடந்தால் காலும் வலிக்காது. இசை படிக்க வேண்டும் என்றால் தைக்காட்டில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி. டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா வரும்போது கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள் ஒரு தியேட்டரில் இருந்து இன்னொரு தியேட்டருக்கு ஓடுவதைப் பார்த்தால், நாமும் இங்கேயே படித்திருக்கலாமே என்று வயிறு எரியும், எனக்கு எரிந்தது.

சிக்கலும் உண்டு, மறைக்கவில்லை. நம் ஊர்ச் சாதிச் சான்றிதழைக் கொண்டுபோனால் அங்கே இடஒதுக்கீடு கிடைத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள், பொதுப் பிரிவில் போட்டி போட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள். 2024 முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருடப் பட்டப்படிப்பு முறை வந்துவிட்டது, மூன்று வருடத்தில் முடித்துக்கொண்டால் என்ன பட்டம் கிடைக்கும், நான்காம் வருடம் படித்தால் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் மொழியாக எதை எடுக்கலாம் என்பதையும் சேரும் முன்பே கேளுங்கள், சேர்ந்தபின் அழக் கூடாது.

இதில் இன்னொரு வழியும் இருக்கிறது, என் அக்கா மகளுக்கு இதைச் சொன்னபோது முகத்தைச் சுளித்தாள். நாகர்கோவிலிலேயே சேர்ந்துவிடுவது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1809-ல் செமினரியாகத் தொடங்கி 1893-ல் கல்லூரியான இடம். தெ.தி. இந்துக் கல்லூரி இருக்கிறது, பெண்பிள்ளைகளுக்கு ஹோலி கிராஸ் இருக்கிறது. வீட்டில் இருந்து போய் வந்து, சனிக்கிழமை காலை ரயிலில் திருவனந்தபுரம் போய், ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற பிள்ளை, சென்னைக்கு வெளியே 6 மணிக்குப் பூட்டுகிற ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளையைவிட அதிக நகரம் பார்க்கும். கேட்க ஒருமாதிரி இருக்கும், ஆனால் நான் அந்த ஹாஸ்டலில் இருந்தவள்.

சரி, சென்னைதான் என்றால்

ஒருவர் சென்னைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் நான் தடுக்கமாட்டேன். தமிழில் எழுத, நாடகம் போட, சினிமாவுக்குள் நுழைய, கர்நாடக சங்கீதம் கேட்க அந்த ஊரைவிட்டால் வேறு இடம் இல்லை. ஆனால் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

எழும்பூரில் இருந்து தொடங்குவோம், நம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் கொண்டுபோய் விடுகிற இடம் அதுதான். ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி, 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. சிற்பி ராய் சௌத்ரியும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம், சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-ல் உருவானது இங்கிருந்து போனவர்களால்தான். இந்தப் பக்கம் அரசு அருங்காட்சியகம், அதன் செப்புத் திருமேனிக் கூடம், அதே வளாகத்தில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம். ஓவியம் படிக்கிற பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்? ஓவியம், சிற்பம் மட்டும் இல்லை, அச்சுக்கலை, செராமிக், துணி வடிவமைப்பு என்றும் பிரிவுகள் இருக்கின்றன. ஓவியத்துக்குத்தான் எல்லோரும் முண்டியடிப்பார்கள், செராமிக் என்றால் என்ன என்று ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு விருப்பத்தை வரிசைப்படுத்துங்கள்.

லயோலா 1925-ல் தொடங்கியது, நுங்கம்பாக்கம் மின்சார ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, விஸ்காம் என்றால் அதன் பெயர்தான் முதலில் வரும். ஸ்டெல்லா மாரிஸ் பெண்களுக்கானது, நுண்கலைக்கென்று தனித்துறை உண்டு, கதீட்ரல் ரோட்டில் இருந்து மியூசிக் அகாடமிக்கு நடந்தே போய்விடலாம். நடனம், இசை என்றால் ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா திருவான்மியூரில். இலக்கியம் என்றால் மாநிலக் கல்லூரியையும் ராணி மேரியையும் மறந்துவிடாதீர்கள், அரசுக் கல்லூரிகள், இரண்டுமே கடற்கரை ரோட்டில்.

மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் தாம்பரத்தில் இருக்கிறதே, அது ஊருக்கு வெளியே ஆயிற்றே என்று கேட்கலாம். தூரம்தான், 1937-ல் நகரத்தை விட்டுக் காட்டுக்குள் போன கல்லூரி அது. ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கமே தாம்பரம் ஸ்டேஷன், மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடற்கரை. நம் ஊர் ரயிலும் அங்கேயே நிற்கும். நான் படித்த இடமும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், ஆனால் ஸ்டேஷன் இல்லை. கிலோமீட்டரைப் பார்க்காமல் ரயிலைப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் ஷிஃப்ட். சென்னையில் பல கல்லூரிகளில் காலையில் ஒரு ஷிஃப்ட், மதியம் ஒரு ஷிஃப்ட் நடக்கும். அரசு உதவி பெறும் எய்டட் பிரிவு பெரும்பாலும் காலையில், அந்த உதவி இல்லாத செல்ஃப் பைனான்ஸ் மதியத்தில். மதிய ஷிஃப்டில் சேர்ந்தால் மாலை 6 மணி வரை வகுப்பில் இருப்பீர்கள், அதற்குமேல் கிளம்பி டிராபிக்கில் நீந்திப் போனால் நாடகம் பாதி முடிந்திருக்கும். காலை ஷிஃப்ட் என்றால் ஒன்று, ஒன்றரை மணிக்கெல்லாம் விட்டுவிடுவார்கள், அதன்பிறகு முழு மதியமும் மாலையும் உங்களுடையது. ஃபீஸும் எய்டடில் குறைவு. ஒரே கல்லூரி, ஒரே பாடம், ஆனால் ஷிஃப்ட் மாறினால் வாழ்க்கையே வேறு. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும்போது மட்டும் பக்கத்தில் இருப்பவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், அரசு இசைக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன, 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்துவிட்டது, செலவு குறைவு, வீட்டுக்கும் பக்கம். கொச்சிப் பக்கம் திருப்பூணித்துறையில் இசைக்கும் ஓவியத்துக்கும் ஆர்.எல்.வி. கல்லூரி, பெங்களூரில் ஓவியத்துக்குச் சித்ரகலா பரிஷத். புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம், அதை ஏன் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

போய்ப் பார்ப்பது எப்படி

கல்லூரி அழைக்கிற நாளில் போகாதீர்கள், அன்றைக்கு ஸ்பீக்கரும் வாழைமரமும் இருக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை, மாலை 4 மணி வாக்கில் போய் வெளியே டீக்கடையில் நில்லுங்கள். வகுப்பு விட்டதும் பிள்ளைகள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் வரிசையாகக் கல்லூரிப் பஸ்ஸில் ஏறி 15 நிமிடத்தில் வளாகம் காலியாகிவிட்டால், அந்தக் கல்லூரியில் மாலை என்று ஒன்று கிடையாது.

உள்ளே விட்டால் ஸ்டூடியோத் தரையைப் பாருங்கள். நுண்கலைத் துறையின் தரை பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பெயிண்ட் சொட்டு, களிமண் காய்ந்த தடம், மூலையில் யாரோ பாதியில் விட்ட சிலை, சுவரில் பென்சில் கணக்கு, இதெல்லாம் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. நூலகத்தில் அலமாரிவரை போய்ப் புத்தகத்தைத் தொட்டு எடுக்க மாணவர்களை விடுகிறார்களா, இல்லை சீட்டு எழுதிக் கொடுத்துக் கவுண்டரில் நிற்க வேண்டுமா என்று கேளுங்கள். நோட்டீஸ் போர்டில் ஃபீஸ் கடைசித் தேதியைத் தவிர வேறு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் வருடப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து, "கடைசியா நீங்க எல்லாரும் சேர்ந்து எதைப் பாக்கப் போனீங்க?" என்று கேளுங்கள். யோசித்து நிற்கிறாளா, உடனே சிரித்துக்கொண்டு சொல்கிறாளா, அதிலேயே பாதி தெரிந்துவிடும். கல்லூரியின் தரத்தைப் பார்த்துக் கொடுக்கிற நாக் கிரேடு எல்லாம் நல்லதுதான், ஆனால் இதெல்லாம் அதில் வராது.

ஹாஸ்டல் விஷயத்தில் கூச்சமே வேண்டாம். கேட் எத்தனை மணிக்கு, பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நேரமா (பெரும்பாலும் இருக்காது, கோபம் வரும், வரட்டும்), நிகழ்ச்சிக்குப் போகத் தாமத அனுமதி உண்டா, மாதம் எத்தனை நாள், யார் கையெழுத்து வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாமா. வெளியே பேயிங் கெஸ்ட்டாக (பி.ஜி.) தங்குவதாக இருந்தால் அட்வான்ஸ் எவ்வளவு, அதில் திரும்பத் தருவது எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

பணத்தில் எல்லோரும் ஃபீஸை மட்டும் பார்ப்பார்கள். அரசுக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. சேர்ந்தால் ஃபீஸைவிட கலரும் கேன்வாஸும் பிரஷ்ஷும்தான் கையைக் கடிக்கும். விஸ்காமுக்குக் கல்லூரியிலேயே கேமரா இரவல் தருவார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் முதல் வருடமே வீட்டில் பஞ்சாயத்து வரும். ஊருக்கு வருகிற செலவும் கணக்கில் சேர வேண்டும். 2024-ல் எழும்பூர்-நாகர்கோவில் வந்தே பாரத் வந்தபின் பகலிலேயே வந்துசேர முடிகிறது, ஆனால் மாணவர் பட்ஜெட்டுக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பர்தான். தீபாவளிக்கு டிக்கெட் முன்பதிவை மறந்துவிட்டு ஆம்னி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், ஒரு மாத மெஸ் பில் அதில் போய்விடும்.

வீட்டில் பேச

எங்கள் அத்தானின் கேள்வி எல்லா வீட்டுக் கேள்விதான். "படம் வரஞ்சு என்னத்த சாப்பிடுவா?" இதற்குக் கலையின் பெருமையைப் பேசினால் தோற்றுப்போவீர்கள். அவர் கேட்பது சோறு, சோற்றைப் பற்றியே பேசுங்கள். பி.ஏ.வோ பி.எஃப்.ஏ.வோ, பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த பட்டமாக இருந்தால் குரூப் 1, குரூப் 2 எழுதலாம், இலக்கியம் படித்துவிட்டு பி.எட். போகலாம், விளம்பரம், பதிப்பகம், டிசைன், சப்டைட்டில் என்று வேலைகள் இருக்கின்றன. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. அனிமேஷன், மீடியா என்று பெரிய போர்டு வைத்திருக்கிற சில இடங்களில் கொடுப்பது பட்டமே இல்லை, வெறும் சான்றிதழ். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்று கேட்டு, அந்தப் பெயரை மானியக் குழுவின் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இந்த ஒரு வேலையை அத்தானிடமே ஒப்படைத்தேன். ஏமாற்றுக்காரர்களைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு அலாதி ஆர்வம், இரண்டு பெயரை அவரே அடித்துவிட்டார்.

வரைந்து காட்ட வேண்டிய தேர்வுக்குத் தயாராக கோச்சிங் சென்டர் தேடி ஓட வேண்டியதில்லை. வடசேரிச் சந்தையில் காலை ஆறரைக்குப் போய் வாழைக்குலை இறக்குகிறவர்களை வரையட்டும், பென்சிலை எடுப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார், அதுதான் பயிற்சி. தக்கலைக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை, ஒரு மரத்தூணை மட்டும் நான்கு கோணத்தில் வரையலாம். குளச்சலில் படகு, சுசீந்திரத்தில் மண்டபம். போட்டோவைப் பார்த்து வரைந்த நடிகர் முகங்களைத் தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டாம், எல்லோரும் அதைத்தான் கொண்டுவருவார்கள்.

14 பெயர் இப்போது நான்கு ஆகியிருக்கிறது, திருவனந்தபுரத்தில் ஒன்று, சென்னையில் மூன்று. போன சனிக்கிழமை சென்னை ஹாஸ்டல் ஒன்றுக்கு அவளையே போன் போடச் சொன்னேன், ஸ்பீக்கரில். "மேடம், டிசம்பர்ல கச்சேரி முடிய ஒம்பது மணி ஆகும், அதுக்குப் போக விடுவீங்களா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அப்பா எழுதிக் கொடுத்தால் மாதம் நான்கு நாள் அனுமதி உண்டு என்றார்கள். அதுவரை பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்த அத்தான் பேப்பரை இறக்கினார்.

"நாலு நாள் போதுமாம்மா? கேளு, கூடத் தருவாங்களான்னு கேளு" என்றார்.